எத்தனை அடுப்பு எரிகிறது? குமரி மாவட்டத்தில் ஆறு நாள்

முதல் நாள்: கோட்டாறு

கோயம்புத்தூரில் இரவு ஏறிய ரயில் விடியும் முன்பே நாகர்கோவில் சந்திப்பில் இறக்கிவிட்டது. கார்த்திகை மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. வெளியே ஒரு கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு, தம்பி வீட்டுக்குப் போகாமல் பையோடு கோட்டாற்றுத் தெருவுக்கே நடந்தேன். தம்பிக்கு அதில் வருத்தம்தான். ஆனால் காலை ஆறு மணிக்குப் பார்த்தால்தான் ஒரு தெருவில் எத்தனை அடுப்பு எரிகிறது என்று தெரியும். தெளித்துக் கோலமிட்ட வாசல், கம்பியில் தொங்கும் பால் பாக்கெட், குக்கர் சத்தம். வீடு வீடாக ஏறி இறங்கிய காலத்தில் கற்றுக்கொண்டது இது.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. 1991, 2001, 2011 என மூன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் கணக்கெடுப்பாளராக இருந்தேன். 2021இல் நடக்கவேண்டியது தள்ளிப்போய்விட்டது. இனி 2027 பிப்ரவரியில் ஆட்களை எண்ணப்போகிறார்கள். மார்ச் 1 குறிப்பு நாள். அதற்கு முன்பு என் மாவட்டத்து வீடுகளை ஒருமுறை பார்த்துவிடவேண்டும் என்று ஆறு நாள் ஒதுக்கி வந்திருக்கிறேன். அன்றன்று இரவு எழுதி அன்றே போடுகிறேன்.

கையில் ஒரு பழைய நோட்டு இருக்கிறது. அதில் யார் பெயரும் இல்லை. கணக்கெடுப்பில் மக்கள் சொல்வது 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி ரகசியம். அதை இன்றும் காக்கிறேன். அதனால் தெருவின் பெயரைக்கூடச் சொல்லப்போவதில்லை. நோட்டில் இருப்பவை நான் தெருப்படம் வரைந்து பழகிய பக்கங்கள். பக்கா வீட்டுக்குச் சதுரம், கச்சா வீட்டுக்கு முக்கோணம் போடவேண்டும். 1991ஆம் ஆண்டுப் பக்கத்தில் தென்கோடி முழுவதும் முக்கோணங்கள், அதாவது ஓலைக் கூரைகள். இன்று அந்தக் கோடிவரை நடந்து பார்த்தேன். ஒரு முக்கோணம்கூட மிச்சமில்லை. எல்லாம் சதுரமாகிவிட்டன. பல சதுரங்களின் கதவில் பூட்டுத் தொங்குகிறது.

பயிற்சி வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுத்தது, குடும்பம் என்றால் என்ன என்பதைத்தான். சேர்ந்து வசித்து ஒரே சமையலறையில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். உறவுக்காரர்களாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஒரே கூரைக்கடியில் அண்ணனும் தம்பியும் தனித்தனியாக உலை வைத்தால் அது இரண்டு குடும்பம். வகுப்பில் ஓர் ஆசிரியர் எழுந்து, "தாய் இரண்டு மகன் வீட்டிலும் மாறிமாறிச் சாப்பிட்டால் எந்தக் கணக்கு?" என்று கேட்டார். பயிற்சி கொடுத்தவர் சிறிது நேரம் பேசாமல் நின்றது இப்போதும் நினைவிருக்கிறது.

2011 கணக்குப்படி மாவட்டத்தில் 18,70,374 பேர். குடும்பங்கள் ஏறக்குறைய 4.83 லட்சம். வகுத்தால் குடும்பத்துக்கு நான்கு பேர்கூட இல்லை, 3.9 வருகிறது. நாடு முழுவதற்கும் அப்போது ஐந்துக்குச் சற்றுக் குறைவு. பக்கத்துக் கேரளத்தில்கூட நான்கைத் தாண்டியே இருந்தது. 1961இல் பத்து லட்சத்தைத் தொடாத மாவட்டம் இது. ஐம்பது ஆண்டில் ஆள் இரட்டிப்பை நெருங்கினார்கள். வீடுகள் அதைவிட வேகமாகப் பெருகின.

தெருவின் நடுவில் ஒரு பெரிய ஓட்டு வீடு. 1991இல் அங்கே ஒரே அடுப்பு. சமையலறைக்கு வெளியே பெரிய உருளியைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். 2001இல் போனபோது முன்கட்டு, நடுக்கட்டு, பின்கட்டு என்று மூன்று அடுப்பு. இன்று இரண்டு கட்டு பூட்டியிருக்கிறது. முன்கட்டில் செவிலியர் வேலை பார்க்கும் நான்கு பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். ஒருத்தி அருமனை, ஒருத்தி குளச்சல், மற்ற இருவர் திருநெல்வேலிப் பக்கம். முறை வைத்துச் சமைக்கிறார்கள். "நாங்கள் குடும்பமா டீச்சர்?" என்று ஒருத்தி வியந்தாள். ஒரே அடுப்பு என்றால் ஆம் என்றேன். அவளுக்கு அது பிடித்திருந்தது.

இரண்டாம் நாள்: தேரூர்

அக்கா வீட்டில் இருந்து எழுதுகிறேன். வெளியே தவளைகள் விடாமல் கத்துகின்றன. குளம் நிறைந்திருக்கிறது, சாயங்காலம் நாமக்கோழிகளைப் பார்த்தேன்.

அக்கா இருப்பது பழைய தொட்டிக்கட்டு வீடு. நடுவில் வானம் பார்த்த முற்றம், நான்கு பக்கமும் தாழ்வாரம், உள்ளே இருட்டான அறைகள். அம்மா வழியில் வந்த வீடு. எங்கள் பாட்டியின் தாய்மாமன் இங்கே காரணவராக, அதாவது கூட்டுக் குடும்பத்தின் தலைவராக இருந்தார். நாஞ்சில் நாட்டு வெள்ளாளரிடம் அன்று மருமக்கள்வழி முறை. மாமனின் சொத்து மருமக்களுக்கு, அதாவது சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். மனைவிக்கும் பெற்ற பிள்ளைகளுக்கும் உகந்துடைமை என்று ஒரு பங்குதான். சகோதரிகள், அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று எல்லோருக்கும் ஒரே அடுப்பில் சோறு. எண்ணியிருந்தால் இந்த வீட்டின் கணக்கு இருபதைத் தாண்டியிருக்கும்.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக நினைத்து ஏங்குகிறவள் அல்ல நான். ஒரே அடுப்பில் இருபது பேர் என்றால் அந்த அடுப்பின் முன்னால் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்க்கவேண்டும். இதே தேரூரில் பிறந்த கவிமணி, ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி தன் துயரத்தைச் சொல்வதாக மருமக்கள்வழி மான்மியத்தைப் பாடினார். கணவன் கண்மூடிய அன்றே கதியற்றுப்போன பெண்கள் இந்த ஊரில் இருந்தார்கள். 1926இல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்தது. பிள்ளைகளுக்கு உரிமை வந்தது, பாகம் பிரிக்க வழி வந்தது. கூட்டு வீடுகள் உடைந்தன. உடைந்தது நல்லதுக்குத்தான் என்று என் பாட்டி சாகும்வரை சொன்னார்.

பாகம் பிரித்தபோது முற்றத்தின் நடுவே ஒரு மதில் எழுப்பினார்கள். மழை இரண்டு பக்கமும் விழும்படி சரிபாதியாக அளந்து கட்டியது. அந்த மதில் இன்றும் இருக்கிறது. இந்தப் பக்கம் அக்கா. வயது எழுபத்து நான்கு. மகன் மஸ்கட்டில், மகள் பெங்களூரில். அந்தப் பக்கம் எங்கள் மைனி, அதாவது மதினி, அவரும் தனி. அவர் பிள்ளைகள் இருவரும் சென்னையில்.

அக்காவின் சமையலறையில் எரிவாயு அடுப்புக்குப் பக்கத்தில் அரைப்படி அரிசி கொள்ளும் ஒரு சிறிய பாத்திரம் இருக்கிறது. அதிலும் பாதிதான் வடிக்கிறாள். நெல் கொட்டிவைக்கும் பத்தாயம் அறையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. மூடியைத் திறந்தால் பேரனின் சைக்கிளும் பழைய பள்ளிப் புத்தகங்களும். மத்தியானம் நான் அவியல் உண்டா என்று கேட்டுவிட்டேன். அக்கா சொன்னாள்: "ஏட்டி, ஒரு ஆளுக்கு அவியல் வைக்க முடியுமா? சேனையில் ஒரு துண்டு, முருங்கையில் ஒரு துண்டு, வழுதலங்காயில் பாதி என்று யார் தருவார்கள்? நான் அவியல் வைத்து இரண்டு வருடம் இருக்கும்."

தனியாக இருப்பதைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். இவ்வளவு துல்லியமாக யாரும் சொன்னதில்லை.

பிறகு நடந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பன்னிரண்டரை மணிக்கு அக்கா ஒரு கிண்ணத்தில் பயற்றுத் துவரனை எடுத்து மதிலின் மேல் வைத்தாள். பேசவில்லை, மதிலை இரண்டு தட்டுத் தட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை வந்தது. கிண்ணம் போனது, உள்ளித்தீயல் நிறைந்த வேறொரு கிண்ணம் வந்தது. திங்கட்கிழமை என்றால் மைனி குழம்பு, அக்கா கூட்டான், செவ்வாய்க்கிழமை மாறும். சோறு மட்டும் அவரவர் வடிப்பது. ஒன்பது வருடமாக இப்படித்தானாம்.

நான் கணக்கெடுப்பாளராக வந்திருந்தால் என்ன எழுதுவேன்? வாசல் வேறு, அடுப்பு வேறு. மதிலுக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், ஆள் ஒன்று. அந்தப் பக்கம் ஒரு குடும்பம், ஆள் ஒன்று. சரியான கணக்குத்தான். நாலைந்து பேர் இருக்கும் வீடுகளின் சராசரியை மூன்றரைக்கும் மூன்றுக்கும் இழுப்பவை இந்த ஒன்றுகள். மதில் மேல் போய்வரும் கிண்ணத்துக்குப் படிவத்தில் இடமில்லை.

மூன்றாம் நாள்: பத்மநாபபுரம் வழியாக அருமனை

பத்மநாபபுரம் அரண்மனையில் ஒரு மணி நேரம்தான் நின்றேன். ஊட்டுப்புரையைப் பார்க்கவேண்டும் என்பதற்காகவே இறங்கினேன். மேல்தளமும் கீழ்த்தளமுமாக 2,000 பேர் உட்கார்ந்து சாப்பிட்ட இடம் என்கிறார்கள். ஊறுகாய்ச் சாடிகள் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. இரண்டு பேர் சேர்ந்து அவியல் வைக்க முடியாத ஊரிலிருந்து வந்தவளுக்கு அங்கே அதிக நேரம் நிற்க முடியவில்லை.

மார்த்தாண்டம் தாண்டி ரப்பர்த் தோட்டங்களுக்குள் பஸ் நுழைந்தால் வேறு மாவட்டத்துக்கு வந்ததுபோல இருக்கும். நாஞ்சில் நாட்டில் வயலுக்கு இடம் விட்டுத் தெருவாகச் சேர்ந்து குடியிருப்பார்கள். மேற்கே விளவங்கோடு பக்கம் தெரு என்பதே குறைவு. ஒவ்வொரு வீடும் விளை என்னும் தன் தோட்டத்துக்குள், தன் கிணற்றோடு, மரச்சீனி என்னும் மரவள்ளியும் பலாவும் சூழத் தனியாக நிற்கும். ஊர்ப்பெயர்களே பாதி விளையில் முடியும்.

என்னோடு வேலை பார்த்த ஓர் ஆசிரியர் அருமனைப் பக்கம் இருக்கிறார். விளையைச் சுற்றிக் காட்டினார். அவருடைய தாத்தா காலத்தில் ஒரு ஏக்கர், ஒரு வீடு. தாத்தாவுக்குப் பிள்ளைகள் ஒன்பது பேர். அப்பாவின் பங்கை அவரும் உடன்பிறந்தவர்களும் பிரித்தார்கள். பக்கத்தில் பத்து சென்ட் வாங்கிச் சேர்த்தார்கள். இன்று அந்த வளைவுக்குள் ஐந்து வீடு, ஐந்து அடுப்பு. வீட்டுக்கு இரண்டு பேர் அல்லது மூன்று பேர். ஆனால் ஒருவர் வாசலில் நின்று கூப்பிட்டால் ஐந்து வீட்டிலும் கேட்கும். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் பத்து நிமிடத்தில் ஐந்து வீட்டிலிருந்தும் கஞ்சி வந்துவிடும் என்றார்.

இங்கே சராசரி குறைந்ததற்கு யாரும் ஊரைவிட்டுப் போகவேண்டியிருக்கவில்லை. கல்யாணமானவனுக்கு விளையில் ஒரு மூலை, ஒரு வீடு, ஓர் அடுப்பு. அவ்வளவுதான். தேரூரின் ஒன்றையும் அருமனையின் இரண்டையும் ஒரே எண் வரிசையில் வைத்துப் படிப்பவர்களுக்கு இது தெரியவேண்டும்.

இரண்டு தலைமுறைக்குள் ஒன்பது பிள்ளை இரண்டாகக் குறைந்ததையும் அவரே பேச்சில் கொண்டுவந்தார். தமிழ்நாடு 1990களின் முற்பகுதியிலேயே ஒரு பெண்ணுக்கு இரண்டு குழந்தை என்ற நிலையைத் தொட்டுவிட்டது. 2019–21 குடும்பநல ஆய்வில் 1.8. இதற்கு நான் சொல்லும் காரணம் பள்ளிக்கூடம். நாகர்கோவிலில் 1820 வாக்கிலேயே மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் படிப்பும் லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். கையில் தொழிலும் எழுத்தும் இருந்த பெண்கள் தங்கள் பெண்களையும் படிக்க அனுப்பினார்கள். 2011இல் இந்த மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, மாநிலத்திலேயே முதலிடம். என் வகுப்பில் படித்த பெண்கள் யாரும் நான்காவது பிள்ளை பெற்றதாக எனக்கு நினைவில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு.

திரும்பி வரும் வழியில் இரண்டு மாடி, மூன்று மாடி வீடுகள். வளைகுடாப் பணத்தில் எழுந்தவை. ஒரு வீட்டில் மாடி முழுவதும் ரப்பர் ஷீட் காயப் போட்டிருந்தது. கீழே வயதான கணவனும் மனைவியும்.

நான்காம் நாள்: கொட்டில்பாடு, தூத்தூர்

கடற்கரையில் கணக்கு தலைகீழ். நிலம் இல்லை, பிரிக்க விளையும் இல்லை. கடலுக்கும் ஏ.வி.எம். கால்வாய்க்கும் நடுவே ஒடுங்கிய மணலில் வீட்டை ஒட்டி வீடு. முன்பெல்லாம் ஒரு வீட்டுக்குள் அப்பாவும் கல்யாணமான இரண்டு மகன்களும் இருப்பார்கள். அடுப்பு எத்தனை என்று கேட்டால், "மீன் பட்டால் ஒன்று, படாவிட்டால் மூன்று" என்று ஒரு அம்மா 1991இல் எனக்குப் பதில் சொன்னார். பாடு நிறைய உள்ள நாளில் சேர்ந்து சமைப்பார்கள். இல்லாத நாளில் அவரவர் பாட்டை அவரவர் பார்ப்பார்கள். எந்த நாளை எழுதுவது என்று தெரியாமல் நான் வாசலிலேயே நின்றேன்.

2004 டிசம்பர் 26 அதை மாற்றியது. குளச்சலை ஒட்டிய கொட்டில்பாட்டைச் சுனாமி கடுமையாகத் தாக்கியது. பிறகு கட்டிக்கொடுத்த வீடுகள் குடும்பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வந்தன. மூன்று அடுப்புள்ள ஒரு வீடு மூன்று வீடானது. கிடைத்த வீட்டுக்காக நன்றி சொல்லாதவர் யாரும் இல்லை. ஆனால் மாமியார் எந்த வீட்டுக்குப் போவது என்பதை வரைபடம் போட்டவர்கள் யோசித்திருக்க வாய்ப்பில்லை. இன்று சுனாமி காலனியில் ஒரு பாட்டி, "நான் மூன்று வீட்டுக்கும் சொந்தம், மக்களே. படுப்பது மட்டும் கடைசி மகன் வீட்டில்" என்றார். பயிற்சி வகுப்பில் எழுந்து கேட்ட அந்த ஆசிரியரின் கேள்விதான்.

மத்தியானம் தூத்தூர். இங்குள்ளவர்கள் ஆழ்கடல் மீன்பிடிப்பில் பேர்போனவர்கள். கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். கணக்கெடுப்புக் காலம் முழுவதும் வராதவரை வீட்டுக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பது விதி. 2011இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை எண்ணினோம். இருபது நாள் என்பது இந்த ஊர்ப் படகுக்கு ஒரு தங்கல்கூட, அதாவது கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் ஒரு நடைகூட ஆகாது. வளைகுடாவில் இருப்பவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். மாவட்டத்தில் 1,000 ஆணுக்கு 1,019 பெண் என்று வந்ததில் இப்படி விட்டுப்போன ஆண்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். சோறு வடித்து வைத்திருக்கும் மனைவியிடம் போய், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் அவள் கணவனைச் சேர்த்துத்தான் சொல்வாள். விதியைச் சொல்லி ஒன்றைக் குறைத்துக்கொள்ளச் சொல்வது எங்கள் வேலை.

2017 நவம்பர் 30 ஒக்கிப் புயல். இந்தக் கரையிலிருந்து போனவர்கள் பலர் திரும்பவில்லை. ஒரு வீட்டில் தேநீர் குடித்தேன். கணவனின் பெயரைக் குடும்ப அட்டையிலிருந்து எடுக்க மனமில்லாமல் இரண்டு வருடம் அப்படியே வைத்திருந்ததாக அந்தப் பெண் சொன்னார். இப்போது அட்டையில் மூன்று பெயர். அவரே மூன்று என்றார், நான் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள்: மழை

எங்கும் போகவில்லை. தம்பி வீட்டுக்கு அருகே ரேஷன் கடைவரை மட்டும் போனேன். வரிசையில் நின்றவர்கள் அட்டை பிரிப்பதைப் பற்றியே பேசினார்கள். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் வரத் தொடங்கிய பிறகு, மாமியார் அட்டையில் இருக்கும் மருமகளுக்குத் தனி அட்டை வேண்டும் என்ற எண்ணம் வருவது இயல்பு. தனிச் சமையலறை இருக்கிறதா என்று அதிகாரி வந்து பார்ப்பார். அதற்காக மாடிப்படிக்கு அடியில் ஓர் அடுப்பு வைத்ததாக ஒரு பெண் சொன்னாள். அதில் எதுவும் சமைப்பதில்லை; எல்லோரும் கீழேதான் சாப்பிடுகிறார்கள். தேரூரில் அடுப்பு இரண்டு, குழம்பு ஒன்று. இங்கே அடுப்பு இரண்டு, ஒன்று எரிவதே இல்லை. அட்டைகளை எண்ணினால் ஒரு கணக்கு வரும், உலைகளை எண்ணினால் வேறொரு கணக்கு வரும்.

ஆறாம் நாள்: மீண்டும் தேரூர்

இரவு ரயில். அதற்கு முன் அக்காவைப் பார்த்துவிடலாம் என்று காலையிலேயே கிளம்பினேன். வழியில் வடசேரி கனகமூலம் சந்தையில் இறங்கி, சேனை, முருங்கை, வழுதலங்காய், வெள்ளரிக்காய், ஏத்தங்காய், புடலை, மாங்காய், ஒரு தேங்காய் என்று பை நிறைய வாங்கிவிட்டேன். பையைப் பார்த்ததும் அக்கா எதுவும் சொல்லாமல் அரிவாள்மணையை எடுத்துவந்தாள். நான் மதிலை இரண்டு தட்டுத் தட்டினேன். மைனி வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து, தன் பங்குக்குத் தேங்காயைத் திருவினார்.

காய் நறுக்கும்போது ஐந்து நாளாக மனத்தில் இருந்ததைச் சொன்னேன். கோயம்புத்தூரில் மகன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மருமகள் நல்லவள். பேரன் பெரியவனாகிவிட்டான், முன்போல அவனுக்கு நான் வேண்டியிருக்கவில்லை. 2027 தைப் பொங்கலுக்கு இங்கே வந்தால் சித்திரைவரை இருப்பேன். இருந்து, பிடித்துப்போனால் திரும்புவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"கணக்கு எடுக்க வருகிற பிள்ளை என்ன எழுதும்?" என்று அக்கா கேட்டாள்.

"உன் அடுப்பில்தானே சாப்பிடப்போகிறேன். இரண்டு என்று எழுதும்."

மைனி தேங்காய்த் திருவலை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "அப்படியென்றால் நான்?"

அக்கா அடுப்பில் உருளியை ஏற்றினாள். பத்தாயத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கழுவிய பழைய வெண்கல உருளி. மூன்று பேருக்கு அது மிகப் பெரியது. "நீங்களும் சோற்றை இங்கேயே வடித்துவிடுங்கள், மைனி" என்றாள்.

மைனி பதில் சொல்லவில்லை. கறிவேப்பிலை கிள்ளிவரக் கொல்லைக்குப் போனார். நான் மூன்று பேருக்கும் அரிசி அளந்தேன்.